அல்வா மாஸ்டரும் புரோட்டீன் மாஸ்டரும்!

சாரல் சீஸனுக்குக் குத்தாலம் வர்றவங்க ரெண்டு விஷயத்தை மட்டும் மிஸ் பண்ணவே மாட்டாங்க. ஒண்ணு, அருவியில தலையைக் கொடுக்கிறது. ரெண்டு, ஈரத்தலையோட அப்படியே பிரானூர் பார்டருக்கு வண்டியை விட்டு பரோட்டாவை உள்ளே தள்ளுறது. அந்தப் பரோட்டா மாஸ்டர் மாவை வீச வீச, அது கிழியாம கைக்குட்டை மாதிரி விரியுதே... ஏன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? காரணம், மைதாவுக்குள்ள இருக்கிற புரோட்டீன். செல்லப் பேரு குளூட்டன்.

இந்த வாரம் நம்ம மேட்டர் பரோட்டா இல்ல பாஸ், புரோட்டீன்! ஆயிரக்கணக்கான சரக்கு கலந்து கிடக்கிற ஒரு குழம்புக்குள்ள இருந்து நமக்கு வேணும்கிற ஒரே ஒரு புரோட்டீனை மட்டும் சுத்தமா வெளியே எடுக்கிற கலை. லேப்ல இதுக்குப் பேரு ‘புரோட்டீன் ப்யூரிஃபிகேஷன்’. தமிழ்ல புரதச் சுத்திகரிப்பு.

‘நான் மெக்கானிக்கல், நான் சிவில், எனக்கெதுக்கு இது?’னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. சர்க்கரைக்காக தாத்தா போட்டுக்கிற இன்சுலின், துணி துவைக்கிற பவுடர்ல இருக்கிற என்ஸைம், பாம்பு கடிச்சவருக்கு ஏத்துற மருந்து எல்லாமே யாரோ ஒருத்தர் பொறுமையா பிரிச்செடுத்த புரோட்டீன்தான்.

ரெக்கார்டு நோட்ல மட்டும் நூத்துக்கு நூறு!

முதல்ல ஒரு சோகக் கதை. பி.டெக் பயோடெக்னாலஜி, எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரினு படிக்கிற நம்ம ஏரியா பசங்க நிறைய பேர்கிட்ட பேசினேன். முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒரே டயலாக்தான். “ஜெல் ஓட்டுறதைப் பார்த்திருக்கோம். ஓட்டினது இல்ல.”

ஒரு ஜெல் டேங்க். சுத்தி எட்டுப் பேர். முன்வரிசையில நிக்கிற ரெண்டு பேருக்குத் தெரியும். மூணாவது வரிசைக்கு மேடமோட முதுகு தெரியும். அடுத்த வாரம் சீனியர் கொடுத்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எல்லாரும் அழகா படம் வரைஞ்சு, கலர் பென்சில்ல நீலக்கோடு போட்டு, சைன் வாங்கிடுவோம். அந்த நீலக்கோடு சீனியருக்கும் அவரோட சீனியர் கொடுத்தது. பரம்பரை சொத்து!

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற மருந்து கம்பெனிக்காரர் கேட்கிற முதல் கேள்வியே “சென்ட்ரிஃப்யூஜ்ல எத்தனை தடவை டியூப் வெச்சிருக்கீங்க?”தான்னு, போன வருஷம் அந்த ரூமுக்குள்ள போயிட்டு வந்த ஒரு அக்கா சொன்னாங்க. டெஃபனிஷன் எல்லாம் தலைகீழா தெரியும். ஆனா அந்தக் கேள்விக்கு அவங்ககிட்ட பதில் இல்ல. “மார்க் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, தேங்க்யூன்னார்டா தம்பி. அவ்ளோதான்”னாங்க.

புரோட்டீன் பிரிக்கிறது படிச்சு வர்ற விஷயம் இல்ல. சைக்கிள் மாதிரி, நீச்சல் மாதிரி, கையில ஏறணும்.

அல்வா கடையில ஒரு கிளாஸ்!

கைப்பக்குவம்னா என்னன்னு கேட்கணும்னா நம்ம ஊர்ல வேற எங்கே போறது? தென்காசியில வருஷக்கணக்கா அல்வா கிண்டுற ஒரு மாஸ்டரைப் பிடிச்சேன்.

“அண்ணாச்சி, கோதுமைப் பால் எப்படி எடுப்பீங்க?”

“சம்பா கோதுமையை ஊறப்போடணும். அரைக்கணும். துணியில கட்டிப் பிழியணும். ராத்திரி அப்படியே அசையாம வெச்சிரணும். காலையில பார்த்தா மேல தண்ணி தெளிஞ்சு நிக்கும், பால் அடியில கெட்டியா உக்காந்திருக்கும். மேல் தண்ணியை அலுங்காம இறுத்துரணும்.”

“அவசரமா இருந்தா?”

“அவசரம்னா அல்வா வேண்டாம்னு போயிரு தம்பி” என்றார் சிரிக்காமல்.

மக்கா, அண்ணாச்சி சொன்னதை லேப் பாஷையில எழுதிப் பாருங்க. அரைக்கிறது, எக்ஸ்ட்ராக்‌ஷன். துணியில பிழியிறது, ஃபில்ட்ரேஷன். ராத்திரி முழுக்க அடியில உக்கார வைக்கிறது, செடிமென்டேஷன். மேல் தண்ணியை இறுக்கிறது, டீகான்டேஷன். நாலு டெக்னிக்! ஒரே ஒரு வித்தியாசம், அல்வா மாஸ்டருக்கு வேணும்கிறது மாவுச்சத்து. புரோட்டீனோட பெரும்பகுதியை அவர் சக்கையோட ஒதுக்கிடுறார். நாம அந்த ஒதுக்கின பக்கத்தைத் தேடிப் போறவங்க.

வீட்டிலேயே ட்ரை பண்ணலாம். ஒரு எலுமிச்சம்பழம் அளவு மைதா மாவை நல்லா அடிச்சுப் பிசைங்க. அரை மணி நேரம் தண்ணிக்குள்ள போட்டு வைங்க. அப்புறம் கிண்ணத்துத் தண்ணியில மெதுவா கசக்கிக் கசக்கி அலசுங்க. தண்ணி பால் மாதிரி வெளுக்கும். அது மாவுச்சத்து. தண்ணியை மாத்தி மாத்தி அலசினா, கடைசியில கையில சூயிங்கம் மாதிரி இழுத்தா இழுபடுற ஒரு உருண்டை நிக்கும். அதுதான் குளூட்டன்!

இத்தாலியில பொலோனா ஊர்க்காரரான பெக்காரிங்கிறவர் 18-ம் நூற்றாண்டில இதைத்தான் செஞ்சார். அவரோட ஆராய்ச்சி 1745-ல அச்சில வந்தது. அப்போ ‘புரோட்டீன்’கிற வார்த்தையே கிடையாது. அது 1838-லதான் வந்தது.

சரி, கையில இருக்கிறது சுத்தமான புரோட்டீனா? இல்லவே இல்ல. குளூட்டனுக்குள்ள முக்கியமா ரெண்டு குடும்பம் இருக்கு. கிளையாடின், குளூட்டெனின். 70 சதவிகித ஆல்கஹால்ல போட்டா கிளையாடின் கரையும், குளூட்டெனின் கரையாது. அந்தக் கிளையாடினுக்குள்ளயும் பல ரகம். ‘பிரிச்சுட்டேன்’னு காலரைத் தூக்கும்போதெல்லாம் ‘எதுல இருந்து எதைப் பிரிச்சே?’னு ஒரு கேள்வி நிக்கும். இந்த வேலையோட அடிப்படைப் பாடமே அதுதான்.

ஒரே ஒரு முட்டை போதும்!

‘கோடிக்கணக்குல மெஷின் இருந்தாத்தான் இதெல்லாம் கத்துக்க முடியும்’னு யாராவது பீட்டர் விட்டா நம்பாதீங்க. ஒரு கோழிமுட்டையை வெச்சே முக்கால்வாசி வித்தையைக் கத்துக்கலாம்.

முட்டையோட வெள்ளைக்கருவுல ‘லைசோஸைம்’னு ஒரு என்ஸைம் இருக்கு. பாக்டீரியாவோட சுவரை உடைக்கிறதுதான் அதோட வேலை. நம்ம கண்ணீர்லயும் உண்டு. 1922-ல இதைப் பத்தி எழுதினவர், பின்னாடி பென்சிலினால புகழ்பெற்ற அலெக்ஸாண்டர் ஃபிளெமிங். வெள்ளைக்கருவுல இருக்கிற புரோட்டீன்ல பாதிக்கு மேல ஓவால்புமின்கிற இன்னொரு ஆள். லைசோஸைம் வெறும் 3.5 சதவிகிதம்தான். கூட்டத்துல இந்தச் சின்னப் பையனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவனோட குணம் தெரிஞ்சா போதும். லைசோஸைம் சின்ன ஆள். எடை சுமார் 14,300 டால்டன். ஓவால்புமின் சுமார் 45,000. ஆனா சைஸைவிட முக்கியம் மின்சாரம். பி.ஹெச். 8, 9 பக்கம் வந்தாலும் லைசோஸைம் மேல பாஸிட்டிவ் சார்ஜ் இருக்கும். ஓவால்புமின் அங்கே நெகட்டிவ்.

அப்போ என்ன செய்யலாம்? நெகட்டிவ் சார்ஜ் உள்ள பொடியை (சி.எம். செல்லுலோஸ் என்பார்கள்) ஒரு ஊசி சிரிஞ்சுல அடைச்சு ‘காலம்’ பண்ணுவோம். வெள்ளைக்கருவைப் பஃபர்ல கலந்து, துணியில வடிகட்டி, மேல இருந்து மெதுவா ஊத்துவோம். பாஸிட்டிவ் பையன் பொடியில ஒட்டிக்குவான். மத்த கூட்டம் கீழே ஓடிரும். பஃபரால நல்லா கழுவிட்டு, அப்புறம் உப்புத்தண்ணியை விட்டா, உப்பு அவனை நெட்டித் தள்ளிட்டு இடத்தைப் பிடிச்சுக்கும். கீழே வர்ற சொட்டுல நம்மாளு! இதுக்குப் பேருதான் அயன் எக்ஸ்சேஞ்ச்.

சைஸை வெச்சுப் பிரிக்கிற காலமும் உண்டு. அதுக்குப் பேரு ஜெல் ஃபில்ட்ரேஷன். அதுல பெரிய மாலிக்யூல் முதல்ல வெளியே வரும், சின்னது லேட்டா வரும். ‘உல்டாவா இருக்கே’னு கேட்கிறீங்களா? சீஸன்ல குத்தாலம் பஜாரை நினைச்சுக்கோங்க. பெரியவங்க நேரா அருவிக்கு நடந்துருவாங்க. வாண்டுங்க பொம்மைக் கடை, வளையல் கடை, சிப்ஸ் கடைனு ஒவ்வொண்ணுக்குள்ளயும் புகுந்து புகுந்து வெளியே வரும். காலத்துல இருக்கிற மணிகள்லயும் அப்படிச் சின்னச் சின்னக் குழிகள். பெரிய மாலிக்யூல் அதுக்குள்ள நுழைய முடியாம நேரா இறங்கிடும்.

குளிரும் பொறுமையும்!

புரோட்டீனுக்குச் சூடு ஆகாது. முட்டையை வேகவெச்சா திரும்பப் பச்சையாக்க முடியுமா? அந்தக் கதைதான். போதாததுக்கு செல்லை உடைச்ச உடனே உள்ளே இருக்கிற புரோட்டீனைத் தின்கிற என்ஸைமும் வெளியே வந்துரும். அதனால பெரும்பாலான புரோட்டீனை ஐஸ்லயோ 4 டிகிரி கோல்டு ரூம்லயோ வெச்சுத்தான் வேலை பார்ப்பாங்க. நம்ம சாரல் காத்து கொஞ்சம் ஜில்லுனு இருக்குமே தவிர, அந்த அளவுக்குப் போதாது பாஸ்!

இங்கே ஒரு நுணுக்கம். ‘ட்ரிஸ்’னு ஒரு பஃபர் எல்லா லேப்லயும் இருக்கும். சூடு ஒரு டிகிரி குறைஞ்சா அதோட பி.ஹெச். சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில 8.0-னு அளந்து வெச்சுட்டு, 4 டிகிரி ரூம்ல கொண்டுபோய் வெச்சா 8.6 பக்கம் போயிடும். நம்ம ஊர் மே மாச லேப்ல அளந்தீங்கன்னா வித்தியாசம் இன்னும் ஜாஸ்தி. எந்தக் குளிர்ல வேலை பார்க்கப் போறீங்களோ அந்தக் குளிர்லயே அளக்கணும்.

அடுத்தது, கலக்குறது. டீ ஆத்துற மாதிரி ஆத்தக் கூடாது. நுரை பொங்கினா காத்தும் தண்ணியும் சந்திக்கிற இடத்துல புரோட்டீன் சுருள் பிரிஞ்சு கெட்டுப்போகும். சென்ட்ரிஃப்யூஜ்ல எதிரெதிர் டியூப்களைத் தராசுல வெச்சு எடை பார்த்துத்தான் போடணும். நிமிஷத்துக்கு 10,000 சுத்து சுத்துற மெஷின்ல ரெண்டு பக்கமும் எடை ஒத்து வரலைன்னா மெஷினே ஆட்டம் கண்டுரும். ஜெல் ஊத்துற அக்ரிலமைடு கரைசல் நரம்பைப் பாதிக்கிற விஷம். கையுறை இல்லாம தொடாதீங்க.

சிரிஞ்சு காலத்துல இருந்து வர்ற ஒவ்வொரு சொட்டையும் நம்பர் போட்ட டியூப்ல பிடிக்கணும். ரிசல்ட் தெரியறவரைக்கும் எதையும் சிங்க்ல கொட்டக் கூடாது. ‘நம்ம புரோட்டீன் ஒட்டியிருக்கும்’னு நீங்க நினைச்சுட்டு இருப்பீங்க. அது ஒட்டாம முதல் டியூப்லயே ஓடிப் போயிருக்கலாம்!

கணக்குல மாட்டிக்குவோம்ல!

சுத்தமாச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? மூணு சாட்சி வேணும்.

முதல் சாட்சி, மொத்தப் புரோட்டீன் எவ்வளவு. பிராட்ஃபோர்டு 1976-ல கண்டுபிடிச்ச முறையில பழுப்புச் சாயம் புரோட்டீனைப் பார்த்ததும் நீலமாகும். நீலம் ஏற ஏற புரோட்டீன் ஜாஸ்தி.

ரெண்டாவது சாட்சி, நம்மாளு வேலை செய்யறானா? பாக்டீரியா கலங்கல்ல லைசோஸைமை விட்டா கலங்கல் தெளியணும். எவ்வளவு சீக்கிரம் தெளியுதுன்னு அளக்கணும்.

மூணாவது சாட்சி, நம்ம ரெக்கார்டு நோட்டுப் புகழ் ஜெல். 1970-ல லாம்லி எழுதின முறையைத்தான் இன்னிக்கும் உலகம் முழுக்க ஓட்டுறாங்க. முதல் குழியில பழைய வெள்ளைக்கரு. அதுல ஏகப்பட்ட கோடு. கடைசிக் குழியில நம்ம சரக்கு. அதுல 14,000 பக்கத்துல ஒரே கோடு தெரிஞ்சா விசில் அடிச்சுக்கலாம்.

இப்போ குட்டிக் கணக்கு. 1,000 மில்லிகிராம் வெள்ளைக்கருப் புரோட்டீனோட ஆரம்பிச்சீங்கன்னு வெச்சுக்குவோம். அதுல லைசோஸைம் சுமார் 35 மில்லிகிராம். கடைசியில சுத்தமா 25 மில்லிகிராம் கிடைச்சா, விளைச்சல் 71 சதவிகிதம். செம! சுத்தம் எத்தனை மடங்கு ஏறியிருக்கு? ஆரம்பத்துல 100-க்கு 3.5, இப்போ 100-க்கு 100. அதாவது சுமார் 28 மடங்கு.

இதுல ஒரு போலீஸ் வேலை ஒளிஞ்சிருக்கு. வெள்ளைக்கருவுல லைசோஸைமோட அளவு முட்டைக்கு முட்டை கொஞ்சம் மாறலாம். ஆனா யாராவது ரெக்கார்டுல ‘60 மடங்கு சுத்தம்’னு எழுதியிருந்தா? நூத்துக்கு நூறுக்கு மேல சுத்தம் ஏது? ஒண்ணு, அளந்ததுல கோளாறு. இல்லேன்னா சீனியர் நோட்டு! இந்தக் கணக்கைச் சொந்தமா ஒரு தடவை போட்டவன் அப்புறம் எந்த ரிசல்ட்டையும் கண்ணை மூடிட்டு நம்ப மாட்டான்.

ஒத்தைக் கை, ஒன்பது வருஷம்!

ஜேம்ஸ் சம்னர். அமெரிக்காவுல 17 வயசுல வேட்டைக்குப் போன இடத்துல குண்டு பட்டு இடது கை போயிருச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர் வேற! வலது கையால எல்லாத்தையும் மறுபடி பழகினார். ஹார்வர்டுல கெமிஸ்ட்ரி ஆராய்ச்சிக்குப் போனப்போ, அங்கிருந்த பேராசிரியர் ‘ஒத்தைக் கையோட கெமிஸ்ட்ரியில தாக்குப்பிடிக்க முடியாது, சட்டம் படிக்கப் போ’ங்கிற மாதிரி அட்வைஸ் பண்ணினார். சம்னர் போகல.

1917-ல கார்னெல் யுனிவர்சிட்டியில, ஜாக் பீன்ல (நம்ம தம்பட்டங்காய்க்குப் பங்காளி) இருந்து ‘யூரியேஸ்’ங்கிற என்ஸைமைப் பிரிக்க ஆரம்பிச்சார். ஆரம்பத்துல லேப்ல ஐஸ் பெட்டிகூட இல்ல. கரைசலை ஜன்னல் விளிம்புல வெச்சுட்டு, ராத்திரி நல்லா குளிரணும்னு சாமியை வேண்டிக்குவாங்களாம். அவரே பின்னாடி நோபல் உரையில சொன்னது இது! 1926-ல ஒரு நாள் காலையில மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, குட்டிக் குட்டிப் படிகங்கள். உலகத்துலயே முதல் தடவையா ஒரு என்ஸைமைப் படிகமாக்கி, ‘என்ஸைம்னா புரோட்டீன்தான்’னு சொன்ன ஆள் அவர். பெரிய தலைகள் பல வருஷம் நம்பவே இல்ல. 1946-ல நோபல் பரிசுல பங்கு வந்துச்சு.

வசதி இல்ல, கை இல்ல, ஐஸ்கூட இல்ல. ஆனா வருஷக்கணக்கா திரும்பத் திரும்பச் செஞ்ச பழக்கம் இருந்துச்சு.

மறுபடி முதல் பெஞ்சுக்குப் போன டாக்டர்!

அடுத்தவர் நம்மாளு. 1952-ல சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பரோடாவுல பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ். அமெரிக்காவுல 1976-ல ஃபிஸிக்ஸ்லயே டாக்டர் பட்டம். அதோட செட்டிலாகியிருக்கலாம். ஆனா மனசு பயாலஜிக்குப் போயிருச்சு. என்ன செஞ்சார்? பேருக்கு முன்னாடி டாக்டர் இருக்கிற மனுஷன், கலிபோர்னியாவுல மறுபடி மாணவரா சேர்ந்து பயாலஜியை அடியில இருந்து படிச்சார்.

1978-ல யேல் யுனிவர்சிட்டிக்குப் போய் ரைபோஸோம் வேலையில இறங்கினார். செல்லுக்குள்ள புரோட்டீனைத் தயாரிக்கிற ஃபேக்டரிதான் ரைபோஸோம். பாக்டீரியாவுல அதோட சின்னப் பாகத்துல மட்டும் ஒரு ஆர்.என்.ஏ.வும் இருபது சொச்சம் புரோட்டீனும் இருக்கு. எது எங்கே உக்காந்திருக்குன்னு கண்டுபிடிக்க அதையெல்லாம் தனித்தனியா பிரிச்சு, திரும்பச் சேர்க்கத் தெரிஞ்சிருக்கணும். 1991-ல, கிட்டத்தட்ட 40 வயசுல, படிகங்களை எக்ஸ்-ரேயால படிக்கிற வித்தையைக் கத்துக்கிறதுக்காகவே ஒரு வருஷம் இங்கிலாந்துல கேம்பிரிட்ஜுக்குப் போனார். 2000-ல அந்தச் சின்னப் பாகத்தோட முழு வடிவத்தையும் அவரோட டீம் வெளியிட்டுச்சு. 2009-ல கெமிஸ்ட்ரி நோபல், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ரெண்டு பேரோட சேர்ந்து.

‘நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், எனக்கு லேட்டாயிருச்சு’னு 20 வயசுல சொல்றவங்க, அந்த 40-ஐ ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

உரமூட்டையும் ஒரு உயிரும்!

இப்போ நம்ம வயக்காட்டுக்கு வருவோம். அம்மோனியம் சல்பேட் தெரியும்ல? உரக்கடையில மூட்டை மூட்டையா இருக்குமே, அதே பேருதான். லேப்ல அதோட சுத்தமான ரகம் இருக்கும். (உரமூட்டையை லேப்புக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க!) புரோட்டீன் கரைசல்ல இதைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தா, தண்ணியை எல்லாம் உப்பு இழுத்து வெச்சுக்கும். கரைஞ்சு நிக்கத் தண்ணி பத்தாம புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெளியே விழும். ஒவ்வொரு புரோட்டீனும் ஒவ்வொரு உப்பு அளவுல விழும். அதனால ஒரு வகையை விழவெச்சு, இன்னொண்ணைக் கரைசல்லயே நிறுத்தலாம்.

இந்த உப்பு வித்தை எங்கே உயிரைக் காப்பாத்துது தெரியுமா? பாம்புக்கடி மருந்துல!

2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டிருக்கு. வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவங்க, நாத்து நடுறவங்க, வெறகு பொறுக்கப் போறவங்க. அதாவது நம்ம சித்தப்பா, நம்ம அத்தை.

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, மறுபடி காட்டுலயே விட்டுருவாங்க. அந்தச் சமூகத்துல இருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலோட விஷமும் மருந்து கம்பெனிகளுக்குப் போகும். அங்கே ரொம்பக் கொஞ்சமா குதிரைக்கு ஊசி போட, குதிரையோட ரத்தத்துல அதை எதிர்க்கிற ஆன்டிபாடி உண்டாகும். ஆன்டிபாடியும் ஒரு புரோட்டீன்தான்.

குதிரை ரத்தத்தை அப்படியே மனுஷனுக்கு ஏத்த முடியுமா? முடியாது. அதுல இருக்கிற மத்த புரோட்டீன் எல்லாம் நம்ம உடம்புக்கு அந்நியன். அரிப்பு, மூச்சுத்திணறல், பிரஷர் இறங்குறதுனு பாம்பு விட்டதை மருந்து முடிச்சுரும். அதனாலதான் ஆன்டிபாடியை மட்டும் பிரிக்கணும். அம்மோனியம் சல்பேட்டால விழவைக்கிறது இதுல ரொம்ப காலமா இருக்கிற வழி. அப்புறம் உப்பை நீக்கி, வடிகட்டி, ஒவ்வொரு பேட்ச்சையும் சோதிச்சு, வயல்ல அடைப்பாங்க. (வயக்காடு இல்ல, மருந்து வயல்!)

ராத்திரி ரெண்டு மணிக்கு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்கா அந்தக் குப்பியைத் திறக்கும்போது, எங்கேயோ ஒரு லேப்ல முகம் தெரியாத ஒருத்தர் உப்பை மெதுவா போட்டாரா, அவசரமா கொட்டினாரா, கோடு ஒண்ணா ரெண்டான்னு ஒழுங்கா பார்த்தாரா, இல்ல பழைய ரெக்கார்டைப் பார்த்து டிக் அடிச்சாரா... அதெல்லாம் அந்தக் குப்பிக்குள்ள இருக்கு. நாளைக்கு அந்த நாற்காலியில உக்காரப் போறது நாமதான் மக்கா. சீனியர் நோட்டு அங்கே கை கொடுக்காது.

எங்கே, எப்படிக் கத்துக்கலாம்?

• மைக்ரோபிப்பெட்ல இருந்து ஆரம்பிங்க. கெமிக்கல் செலவே இல்ல. 100 மைக்ரோலிட்டர் தண்ணி 0.1 கிராம் இருக்கணும். தராசுல பத்து தடவை விட்டுப் பாருங்க. பத்தும் ஒத்து வர்றவரைக்கும் விடாதீங்க.

• ‘முட்டை லைசோஸைம் பண்றோம் மேடம்’னு நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்க. எட்டுப் பேர் குரூப்பை ரெண்டா பிரிச்சு, சிரிஞ்சு காலம் ஆளுக்கொண்ணு ஓட்டுங்க. முட்டையும் சிரிஞ்சும் சிங்கிள் டீ செலவுதான்; பொடியும் சாயமும் பெரும்பாலும் டிபார்ட்மென்ட்டுலயே இருக்கும்.

• பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி மற்ற ரெண்டு அகாடமிகளோட சேர்ந்து நடத்துற கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இருக்கு. பெரிய லேப்ல ரெண்டு மாசம் கை பழகலாம், உதவித்தொகையும் உண்டு. டீச்சர்ஸும் அப்ளை பண்ணலாம். உங்க மேடம்கிட்டயும் சொல்லுங்க!

• நம்ம பக்கத்துலயே ஆழ்வார்குறிச்சியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோட ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கு. மதுரை போனா காமராஜர் பல்கலைக்கழகத்தோட உயிரியல் துறைகள். லீவு நாள்ல துறைத்தலைவருக்கு ஒரு மரியாதையான லெட்டர் போட்டுக் கேட்டுப் பாருங்க. கேட்டா காசா பணமா?

• மத்திய அரசோட ‘விர்ச்சுவல் லேப்ஸ்’, என்.பி.டி.இ.எல். பாடம் எல்லாம் ஃப்ரீ. கையில ஏறாது, ஆனா லேப்புக்குள்ள நுழையும்போது முழிக்காம இருக்கலாம்.

• நோட்டுல அன்னிக்கே எழுதுங்க. கோடு வரலைன்னா ‘வரல’ன்னு எழுதுங்க. எந்த டியூப்ல எவ்வளவு, என்ன டிகிரி, எத்தனை மணி, எல்லாம்.

ஆழ்வார்குறிச்சிக்குத் தென்காசியில இருந்து பஸ் உண்டு. முட்டை தெருமுனைக் கடையில இருக்கு. மிச்சம் உங்க கையிலதான் மக்கா!

அடுத்த வாரம் வேற ஒரு லேப் கதையோட பார்ப்போம். அதுவரைக்கும் யாராவது சிரிஞ்சு காலம் ஓட்டி ஒத்தைக் கோடு பார்த்தீங்கன்னா, எத்தனை மடங்குன்னு எழுதிப் போடுங்க. 28-க்கு ரொம்ப மேல போச்சுன்னா மட்டும் நான் நம்ப மாட்டேன்!